வேட்டிக்குப் பின்னால் நான்கு பெட்டிகள்

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பவர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் மகளின் மேஜையில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஓர் உருண்டை இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாடுகிறது. எத்தனை கடை ஏறி இறங்கினாய், வாங்குவதற்கு முன் காது கொடுத்துக் கேட்டாயா என்று விசாரித்தேன். "நாலரை ஸ்டார்ம்மா" என்றாள். முகம் தெரியாத யாரோ கேட்டுச் சொன்ன இனிமை! எனக்கு அது ஒத்துவராது. ஏதாவது இனிமையாகக் காதில் விழுந்தால் அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்க்கும் ரகம் நான். அந்தப் புத்தி எனக்கு எந்தக் கோடையில் வந்தது என்பதும் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில், மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் குடியிருந்தோம்.

மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா, ரேடியோவும் கேசட்டும் பாடும் ஒரு ஸ்டீரியோ ரிசீவரைக் கொண்டுவந்தார். நான்கு குளியல் துண்டுகளும் இரண்டு பால்பவுடர் டப்பாக்களும் காவல் காக்க, பெட்டியின் நடுவில் படுத்து வந்தது அது. வெள்ளி முகம். தொட்டால் ஜில்லென்றிருக்கும் கனத்த குமிழ்கள். சொடுக்கினால் முகம் முழுக்க ஒரு பச்சை வெளிச்சம் பரவும்; குளத்தடியில் பாசி மேல் வெயில் விழுந்ததுபோல. சற்றுச் சூடானதும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வரும், புதுச் செருப்பும் கற்பூரமும் கலந்ததுபோல. எந்தக் கடையிலும் இப்போது அந்த வாசனை கிடைப்பதில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஸ்பீக்கர் மட்டும் இல்லை. விமானத்தில் அவ்வளவு எடைக்கு விடமாட்டார்கள் என்று சித்தப்பா கையை விரித்துவிட்டார். அதனால் இரண்டு வாரம் எங்கள் கூடத்தில் அது ஊமையாக எரிந்தது. குமிழைத் திருகினால் முள் துடிக்கும், ஏதோ ஒரு நிலையத்தில் நிமிர்ந்து நிற்கும். யாரோ பாடிக்கொண்டிருக்கிறார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை என்று அர்த்தம். நான் அதன் முன்னால் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் சர்க்கார் உத்தியோகம். தட்டின் அடியில் ஒட்டிய காந்தம், வயிற்றில் ஈயம் உருவிய எடைக்கல், அடி தட்டி உள்ளே தூக்கிய எண்ணெய்ப் படி என்று அவர் பிடித்த பொய்கள் ஆபீஸ் அலமாரி நிறைய இருந்தன. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுவார். அந்தக் கண்ணைக் கழற்றமாட்டார். பால்காரர் சிரித்தால் அன்றைக்குப் பாலில் தண்ணீர். நான் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தால், "பக்கத்துல உக்காந்தவளுக்கு எவ்வளவு?" என்பார்.

அம்மாவின் தம்பி அடையாறில் இருந்தார். என் மாமா. பாட்டுப் பைத்தியம், எந்தக் கச்சேரியிலும் முதல் பாட்டு முடிவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் தொடையிலும் சேர்த்துத் தாளம் போடுகிறவர். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் சொன்னார்: "ஸ்பீக்கருக்குள்ள பெரிய காந்தம் இருக்கும், அத்திம்பேர். அதோட பலம்தான் எல்லாம்."

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "காந்தமா?"

அந்த ஒரு சொல்லோடு எங்கள் கோடை ஆரம்பமானது.

ஆனால் அந்தக் கோடை அம்மாவுடையது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் மாதத்தில் அம்மாவுக்கு வானொலியிலிருந்து ஒரு பழுப்புக் கவர் வந்திருந்தது. மே மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு. கல்யாணத்துக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு வாத்தியாரிடம் ஒன்பது வருஷம் பாட்டுக் கற்றவள் அம்மா. கல்யாணத்துக்குப் பின் அந்தப் பாட்டு அடுப்பங்கரையோடு நின்றது. நவராத்திரிக்கு மட்டும் கூடம் வரை வரும், சுண்டல் கிண்ணத்தோடு திரும்பிப் போகும். முப்பத்தாறு வயதில், யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். கவரை அரிசி டப்பாவின் மூடிக்கு அடியில் வைத்திருந்தாள். மாமாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன்: "இதுக்கும் போகலேன்னா, நான் பாடிண்டிருந்தேங்கறதே ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்டா."

அப்பா தடுக்கவில்லை. "போயேன், யார் வேண்டாம்னா?" என்றார். பிறகு எடைக்கல்லைக் கையில் உருட்டுகிறவர்போல யோசித்து, "ஆனா போறதுக்கு முன்னாடி உன் குரலை நீயே ஒரு தரம் நன்னாக் கேட்டுக்கோ. நம்மளை நாமளே ஏமாத்திக்கப்படாது" என்றார்.

மாமாவின் டேப்ரிக்கார்டரை வாங்கி வந்தோம். ஒரே ஒரு மைக் வைத்த தட்டையான கறுப்புச் சாதனம். விடியற்காலையில், காக்கைகள் எழுந்திருக்கும் முன், அம்மா தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு தோடியைப் பாடிப் பதிந்தாள். இருபது நிமிஷம். நடுவில் கீழ்வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது, அதுவும் பதிவானது. ரிக்கார்டரின் சொந்த ஸ்பீக்கரில் அதைப் போட்டுக் கேட்டால், அம்மா தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. "ரிசீவருக்கு ஸ்பீக்கர் வரட்டும். அப்போ தெரியும்" என்றார் அப்பா.

அம்மாவும் அதற்காகத்தான் காத்திருந்தாள். ஸ்பீக்கர் வந்தால் பாட்டு கேட்கலாம் என்று நாங்கள் நினைத்தோம். ஸ்பீக்கர் வந்தால் தேர்வுக்குப் போகலாமா என்று தெரியும் என்று அவள் நினைத்தாள்.

தி. நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு கடைக்கு மாமா எங்களை அழைத்துப்போனார். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். கண்ணாடி அறை, கம்பளம், எட்டு ஜோடி ஸ்பீக்கர்கள், ஒரு பலகை நிறையப் பொத்தான்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு ஜோடி பாடும், அடுத்ததை அமுக்கினால் அடுத்தது. கறுப்பாகப் பளபளத்த ஒரு ஜோடி பாடியபோது எல்லோரும் நிமிர்ந்தோம். அப்பா மட்டும் குனிந்தார்.

"அந்த ஜோடிக்கு மாத்தறச்சே உங்க கட்டைவிரல் அந்தக் குமிழ்கிட்ட என்ன பண்றது?"

"தூசி கிடந்துச்சு சார், தட்டுனேன்."

"தூசியைத் தட்டினா சத்தம் ஜாஸ்தியாகுமோ?"

கடைக்காரர் சிரித்தார். கோபப்படவில்லை. "என்ன சார் இப்படிச் சொல்லுதீங்க! வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு வாரம் கேட்டுப் பாருங்க. புடிக்கலன்னா கொண்டாந்துருங்க. நம்மகிட்ட ஒளிவு மறைவு கிடையாது."

படியிறங்கும்போது அப்பா என் காதருகே குனிந்து, "ஒளிவு மறைவு இல்லேன்னு யார் சொல்லுவா தெரியுமோ?" என்றார். பதிலை அவர் சொல்லவில்லை. நான் ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அந்த ஜோடி வீட்டுக்கு வந்தது; ஒப்பிட இன்னொன்று வரும்வரை ஒயர் மாட்டக்கூடாது என்றார் அப்பா. அப்பாவுக்கு ஒரு சந்தேகமும் கூடவே வந்தது: மாமாவுக்கு இந்தக் கடையில் இவ்வளவு அக்கறை எதற்கு? கமிஷன் ஏதாவது உண்டா? மாமா எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. பார்த்தேன். காபி குடிக்கும் மனிதர் எவரையும் ஐந்து நிமிஷம் விடாமல் பார்த்தால் அவர் திருடன்போலத்தான் தெரிவார்.

இரண்டாவது ஜோடிக்கு அப்பாவே ஆள் பிடித்தார். ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவில், ஒரு தகரக் கொட்டகையில் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர். பெயர்ப்பலகை கிடையாது. பெயர்ப்பலகை இல்லாததே அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மரத்தூளும் பசையும் பீடியும் மணக்கும் அந்தக் கொட்டகையில் பெட்டிக்காரர் ஒரு பலகையை விரல் முட்டியால் தட்டி, காதை அதன்மேல் வைத்து, இன்னொரு இடத்தில் தட்டினார். எதையோ விசாரிப்பதுபோல இருந்தது.

"கடப் பொட்டி பவுடர் பூசிக்கினு வரும் சார். யார் மூஞ்சி வந்தாலும் ஒரே சிவப்பாக் காட்டும். நம்ம பொட்டி அப்டி இல்ல. இன்னா கீதோ அத்தத்தான் சொல்லும். மூஞ்சில மரு இருந்தா மருவும் தெரியும்."

அப்பா அன்றைக்குத்தான் அந்தக் கோடையில் முதன்முறையாகச் சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னார். பவுடர், மரு எல்லாம். அம்மா அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயிலிருந்து நிமிர்ந்தாள். இரண்டு நாளைக்கு அந்த வார்த்தைகள் அவளோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பெட்டிகளைப் பெட்டிக்காரரே தோளில் தூக்கி மாடியேற்றினார். தேக்கு நிறம். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததுபோல, கோயில் வாசல் காவலர்கள் மாதிரி, ஒன்றுக்கு இடது பக்கம் இருப்பது இன்னொன்றுக்கு வலது பக்கம். பின்னால் ஒயர் மாட்ட இரண்டிரண்டு பித்தளைத் திருகுகள். சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்திருந்தார்.

"ஒயரு நானே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன் சார்."

"வேண்டாம். வெச்சுட்டுப் போங்கோ. உள்ளே யாரும் தொடவேண்டாம்."

"பின்னாடி பொட்டு வச்சுக்கீறேன் சார், அத்தப் பாத்து…"

"எங்காத்துலயும் பூஜை அறை இருக்கு. நாங்க பாத்துக்கறோம்."

பெட்டிக்காரர் கையிலிருந்த தூசியைத் தட்டினார். "சரி சார். எட்டு நாள் பாடட்டும். அப்பால வந்து ஒரு தபா கேட்டுட்டுப் போறேன். அது நம்ம வளக்கம்."

அவர் படியிறங்கும் சத்தம் நின்றதும் அப்பா கேட்டார்: "எதுக்கு வரணும்?"

சோதனை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கூடத்தின் குறுக்கே ஒரு கொடி கட்டி, அப்பாவின் எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டோம். அதன் பின்னால் நான்கு பெட்டிகள். எந்தச் சமயத்தில் எந்த ஜோடி பாடுகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது. பேர் தெரிந்தால் காது பேருக்கு வேலை செய்யும் என்பது அப்பாவின் கட்சி. ஒயர் மாட்டுவது அவர் மட்டும். வேட்டிக்குப் பின்னால் அவருடைய நிழல் குந்தி உட்கார்ந்து எழுந்தது. முறை தவறாத மனிதர். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி: இடது திருகில் சிவப்பு ஒயர், வலது திருகில் கறுப்பு. கடைப் பெட்டிகளிலும் திருகுகள் அப்படியே இருந்தன. இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டார்.

பாயில் அம்மா, மாமா, நான். கையில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம். "ஒருத்தர் முகத்தைப் பாத்து ஒருத்தர் எழுதப்படாது. அவா அவா காதுல விழுந்ததை எழுதுங்கோ" என்றார் அப்பா, வேட்டிக்குப் பின்னாலிருந்து, திரைக்குள் மறைந்த தேவதைபோல.

முதலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட். ஒன்றாம் ஜோடி நன்றாக இருந்தது. இரண்டாம் ஜோடியில் வயலின்கள் சுவரைத் தாண்டிப் போயின; சந்துக்குள் யாரோ வாசித்துக்கொண்டு போவதுபோல விரிந்தன. மாமா, "பேஷ், பேஷ்" என்று என் தொடையில் தட்டினார்.

பிறகு அம்மாவின் கேசட்.

ஒன்றாம் ஜோடியில் அம்மா பாடினாள். நான் திரும்பிப் பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்தேன். இங்கே ஓர் அம்மா, வேட்டிக்குப் பின்னால் ஓர் அம்மா. தம்புரா தரையில் ஓடி என் முழங்காலில் ஏறியது. குக்கர் விசில் வந்தபோது மாமா நிஜமாகவே சமையலறைப் பக்கம் திரும்பினார். எங்களோடு அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதும்போது கை நிற்கிறது. அதற்குப் பின் அந்தப் பாட்டுக்காக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

வேட்டிக்குப் பின்னால் ஒயர்கள் மாறின. இரண்டாம் ஜோடி.

குரல் இருந்தது. எங்கே இருந்தது என்று சொல்ல முடியவில்லை. இடது பெட்டியைப் பார்த்தால் வலதில், வலதைப் பார்த்தால் இடதில், நடுவில் யாருமே இல்லை. தம்புரா அடியோடு காணோம். கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போதெல்லாம், படி இருக்கிறதென்று நம்பிக் காலை வைத்து இல்லாமல் போனதுபோல, குரல் பொக்கென்று விழுந்தது. மேலே வெறும் ஓரம் மட்டும் மிச்சம். நிலவு தேய்ந்து நகக்கீறலாக நிற்குமே, அதுபோல.

மூன்று காகிதத்திலும் ‘ஒன்று’ என்றே எழுதியிருந்தது. அப்பா வேட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து படித்தார். வேர்த்திருந்தது. முகத்தில் சந்தோஷம் இல்லை. தராசுத் தட்டு கொஞ்சம் அதிகச் சமமாக நிற்கும்போது அவருக்கு வரும் முகம் அது.

"மூணு பேரும் ஒண்ணையே எழுதினா அதுல என்னமோ இருக்கு" என்றார். "ஒண்ணு, தி. நகர்ப் பெட்டி. ரெண்டு, ஈக்காட்டுத்தாங்கல்."

"பாத்தேளா, நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமா. "அந்தாள் பெட்டில என்னமோ கோளாறு இருக்கு, அத்திம்பேர்."

"கோளாறா? சினிமாப் பாட்டுக்கு பேஷ் பேஷ்னு யாரு தொடையைத் தட்டினது? அதுக்கு நன்னா இருந்த பெட்டி இதுக்கு மட்டும் எப்படிடா கெட்டுப்போகும்? உனக்கு அந்தக் கடைமேல என்ன அவ்வளவு அக்கறை?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. அந்தக் கூடத்தில் அன்றைக்குச் சரியாகச் சொன்ன ஒரே மனிதர் அவர். அந்தக் கேள்விக்குப் பின் அவர் ஸ்பீக்கர் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

"பெட்டி சரின்னா அப்போ குறை எங்கே?" என்று அப்பா கேட்டார். உண்மையில் அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கணக்குப் போடுகிறவர் முணுமுணுப்பதுபோல. ஆனால் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"என்கிட்டதான்" என்றாள் அம்மா.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க ஏன் சொல்லணும்? அந்தப் பெட்டிதான் சொல்லிடுத்தே. கடைப் பெட்டி எனக்குப் பவுடர் பூசிக் காட்டித்து. இது அலம்பின மூஞ்சியைக் காட்டறது." துண்டுக் காகிதத்தை நான்காக மடித்தாள். "இதுவே இருக்கட்டும். ஆத்துல ஒண்ணாவது நெஜத்தைச் சொல்லட்டும்."

நான் சொன்னேன்: "ஆனா நீ நெஜமாப் பாடறச்சே அப்படி இல்லையேம்மா."

"உனக்குப் பழகின காதுடி."

பாருங்கள், எப்படிப்பட்ட குடும்பம்! எந்தப் பெட்டி காதுக்கு நன்றாக இருந்ததோ அதைச் சந்தேகப்பட்டோம். எது குரலைக் கொன்றதோ அதை நேர்மையென்று நம்பிக் கூடத்தில் நிறுத்தினோம். கறுப்பு ஜோடி தி. நகருக்குத் திரும்பிப்போனது. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லையாம். "பாத்தியா, அவனுக்கே தெரியும்" என்றார் அப்பா.

அதற்குப் பின் மதியங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்தன. அப்பா ஆபீஸ் போனதும் அம்மா ஜன்னல் கதவுகளைச் சாத்துவாள். கேசட்டை அந்தப் பெட்டிகளில் போட்டுக் கேட்பாள். நிறுத்துவாள். குரல் விழுந்த இடத்தைத் தானே பாடுவாள், இன்னும் அழுத்தி. மறுபடி கேசட். மறுபடி தொண்டை. மிளகு தட்டிப் போட்ட பால், அதிமதுரம், உப்புத் தண்ணீர். நோயே இல்லாத குரலுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தாள். பத்து நாளில் நிஜமாகவே குரல் கட்டியது. அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது.

பெட்டிக்காரர் எட்டாம் நாள் வந்தார். அப்பா வாசல் கதவைப் பாதி திறந்து, பாதியில் தான் நின்றுகொண்டார்.

"எல்லாம் நன்னா இருக்கு. நீங்க போகலாம்."

"அஞ்சு நிமிசம் சார். கேட்டுட்டுப் பூடறேன்."

"கேக்க வேண்டாம்."

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அப்பா வீட்டில் இருந்துகொண்டே, இல்லையென்று என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பெட்டிக்காரர் என் தலைக்கு மேல், கூடத்துக்குள்ளிருந்து வந்த பாட்டைக் காதைச் சாய்த்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. "பாப்பா, நடூல வரமாட்டேங்குதே, ஏன்?" என்றார். எனக்குப் புரியவில்லை. கதவைச் சாத்தினேன். என் கையால் சாத்தினேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் முறை அவர் வந்தது குரல் தேர்வுக்கு முதல் நாள். புதன்கிழமை காலை. அம்மா சமையலறையிலிருந்து, "உள்ளேதான் வரட்டுமே, பாவம்" என்றாள்.

அப்பா தணிந்த குரலில், "உனக்குத் தெரியாது. நல்ல காந்தத்தைக் காட்டிப் பேரை வாங்கிண்டு, அப்புறம் பழுது பாக்கறேன்னு உள்ளே வந்து சோப்ளாங்கிக் காந்தத்தை வெச்சுட்டுப் போவா. எத்தனை தராசுல பாத்திருக்கேன்! சும்மா எவனாவது மூணு தரம் மாடியேறுவானா?" என்றார்.

தணிந்த குரல்தான். ஆனால் பெட்டி செய்கிறவரின் காது அது. கேட்டுவிட்டது.

"சார்" என்றார் அவர். கையில் ஒரு திருப்புளியும் மஞ்சள் துணியும் மட்டும் இருந்தன. "என் காதுல ஒரு தபா வியுந்தாத்தான் அந்த வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குத்தான் வந்தேன். சந்தேகப்படு சார், வேணாங்கல. கதவத் தொறந்து வச்சுக்கினு சந்தேகப்படு."

அப்பா கதவைச் சாத்தினார். படியில் செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கியது. அந்த மனிதரை நாங்கள் அப்புறம் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்தாள். நான் பீரோவைப் பார்த்தேன்; மாம்பழக் கலர்ப் புடவை மடித்தபடியே இருந்தது. ஒன்பதரை மணிக்கு, விடியற்காலையில் ஊறவைத்த உளுந்தைக் களைய உட்கார்ந்தாள். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டே, "போகலையா?" என்றார்.

"இல்லை."

"நான் வேண்டாம்னு சொல்லலையே."

"இல்லை. நீங்க சொல்லலை."

பத்து மணிக்கு நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டு, தயங்காமல் தாண்டிப் போனது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உளுந்துத் தோலை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு வருஷம் கழித்து வீடு மாறினோம். கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. எனக்குப் பதினான்கு வயது. பள்ளியில் காந்தமும் மின்சாரமும் நடந்துகொண்டிருந்தன. சாமான் இறக்கிய மறுநாள், அப்பா ஆபீஸ் போயிருந்தார். ரிசீவரைச் சுவரோரம் வைத்து, ஒயர்களை நானே மாட்ட உட்கார்ந்தேன். முதல்முறையாக அந்தப் பெட்டிகளின் முதுகை நேருக்கு நேர் பார்த்தேன்.

குங்குமம் கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு திருகுகளில் ஒன்றில்தான். இரண்டு பெட்டியிலும் ஒவ்வொன்றில்தான். ஒரு பெட்டியில் இடது திருகில், மற்றொன்றில் வலது திருகில். பூஜைக்கு வைக்கிறவன் ஒரு திருகுக்கு வைத்து இன்னொன்றை விட்டுவிடுவானா?

சிவப்பு ஒயருக்கான திருகு எது என்பதற்குப் பெட்டிக்காரர் வைத்த அடையாளம் அது. அப்பாவோ எல்லாவற்றுக்கும் இடதில் சிவப்பு என்று ஒரே முறையாக மாட்டினார். கோயில் காவலர் ஜோடியில் ஒரு பெட்டிக்கு ஒயர் தலைகீழாகிவிட்டது. ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். ஓரங்களில் வாசிக்கும் வயலின்களுக்கு அதனால் நஷ்டமில்லை. இன்னும் விரிந்தே கேட்கும். ஒற்றை மைக்கில் பதிந்த குரலோ இரண்டு பெட்டியிலும் ஒன்றாகவே வந்து, நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் தம்புரா. பிறகு கீழ் ஸ்தாயி. பிறகு பாடுகிறவள்.

குங்குமம் இருந்த திருகுகளில் சிவப்பை மாட்டினேன். அட்டைப்பெட்டியைக் கிளறி அந்தக் கேசட்டை எடுத்தேன். நாடா தளர்ந்திருந்தது, பென்சிலைச் செருகிச் சுற்றிப் போட்டேன்.

காலிக் கூடத்தில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், முப்பத்தாறு வயது அம்மா உட்கார்ந்து பாடினாள். கறுப்பு ஜோடியில் கேட்டதைவிட இது பத்து மடங்கு. மூச்சை இழுப்பது கேட்டது. வளையல் தம்புராவின் குடத்தில் இடிப்பது கேட்டது. கீழ் ஸ்தாயியில் ஒவ்வொரு படியும் அதனதன் இடத்தில், கல்லாக, ஈரமாக இருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

பின்னால் திரும்பினேன். அம்மா கதவோரம் நின்றிருந்தாள். கையில் பாதி பிரித்த பழைய செய்தித்தாள், அதற்குள் ஒரு எவர்சில்வர் டபரா. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. பாட்டு முடியும்வரை நகரவில்லை. முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். ஒயர்களைப் பார்த்தாள். குங்குமத்தைக் காட்டி நான் எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கி, இடது வலது என்று கையைக் காட்டி. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"மொதல் நாள்லேர்ந்தேவா?"

"ஆமாம்மா."

டபராவைத் தரையில் வைத்தாள். "இன்னொரு தரம் போடு."

போட்டேன். இந்தத் தடவை அவள் பெட்டிகளுக்கு எதிரில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. எதிரில் உட்கார்ந்து பாடுகிற யாரையோ பார்ப்பதுபோல அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் முழங்காலில் தாளத்தை எண்ணின. இருபது நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே அடையாறு தன் பாட்டுக்கு நாறிக்கொண்டு போனது. அவள் அழுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அழவில்லை.

"அம்மா, இப்பவும் போகலாமேம்மா. மறுபடி எழுதிப் போடு."

"நாப்பது வயசுல, உப்புத் தண்ணியைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சுக் கெடுத்துண்ட தொண்டையோடயா?" சிரிக்கப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரம் இன்னும் மாட்டாத ஆணியைப் பார்த்து, "மணி என்ன இருக்கும்?" என்றாள்.

"அஞ்சு."

"சரி. பழையபடி மாட்டிடு."

எனக்கு விளங்கவில்லை. "எப்படி?"

"எப்படி இருந்துதோ அப்படி. அப்பா வர நேரமாச்சு."

"அப்பாக்குத் தெரியட்டுமேம்மா! அவராலதானே…"

"அவருக்குத் தெரியப்படாது." அவள் குரலில் கோபம் இல்லை. "ஊர்ல ஒருத்தரையும் நம்பாதவர்டி. தன் கையை மட்டும்தான் நம்பறார். அதையும் எடுத்துட்டா அந்த மனுஷன் எங்கே போவார்?"

அதைக் கருணை என்று பல வருஷம் நினைத்தேன். இப்போது, அவளுடைய அந்த வயதைத் தாண்டி வந்தபின், சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தால் அப்பா வருந்துவார், வருந்தினால் மன்னிக்கவேண்டி வரும். அந்த மன்னிப்பைக் கொடுக்க அவளுக்கு மனமில்லையோ என்னவோ. கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வந்தபோது கேட்பதற்கு அவள் இல்லை.

திருப்புளியை எடுத்தேன். ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினேன். அம்மா பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்பாத்தானே மாட்டியிருக்கே? நன்னாப் பாத்துக்கோ" என்றாள். தலையாட்டினேன். என் சொல்லை அவள் நம்பவில்லை. தானே கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முதல் இரண்டு வரியைப் போட்டு, தம்புரா போய்விட்டதா, குரல் நடுவில் இல்லையா என்று காதைச் சாய்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, காபிக்குப் பால் வைக்கப் போனாள்.